கேட்பதை நிறுத்திய இரண்டு ரவுட்டர்கள்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டார்கள். சிரிக்கும்படியாக ஒன்றை எழுதலாமென்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. திரும்பத் திரும்ப தாவூத்தின் முகம்தான் வந்தது. தாவூத் ஏன் இந்தத் தொழிலை விட்டுப் போனார் என்பதை எழுதுகிறேன். கூடவே பிரேம் ரிலே என்ற பழைய சங்கதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அது இனி உங்கள் பரீட்சையில் வராது.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் இருந்தவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கீழே பேக்கரி, மேலே நாங்கள். வங்கிகள், கல்லூரிகள், கிடங்குகள் என்று யார் கூப்பிட்டாலும் போய் அவர்களுடைய கட்டடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது வேலை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தாவூத் நாற்பதைத் தொட்டிருந்தார். வயதில் நான் மூத்தவன், வேலையில் அவர் மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நானும் அவரை நீங்கள் என்றுதான் பேசுவேன்.

பல்லாவரம் கடைத்தெருவில் தாவூத்தின் அண்ணன்மாருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. குடும்பத்தில் இவர் ஒருவர்தான் கம்ப்யூட்டர் பக்கம் ஓடி வந்தவர். மூத்த அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், எங்க ஆளு இன்னும் வயர சொருகிக்கினுதான் கீறானா? கடைக்கு வாடான்னா வர மாட்றான்" என்பார். தாவூத் சிரிப்பார். "கடையில இருக்கிற ஆணிகிட்ட பேச முடியாது சார். இதுங்ககிட்ட பேசலாம்" என்பார். உண்மையாகவே பேசுவார். ரவுட்டர் எழுந்துகொள்ள நேரமானால் அதன் தலையில் தட்டி, "எந்திரி ராஜா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார்.

சேலையூர் பக்கம் ஒரு மருத்துவமனை. அதன் முதலாளி அந்தப் பகுதியின் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தில் மகனுக்காக மருத்துவமனை கட்டினார். மகன் வெளிநாட்டிலேயே தங்கிவிட, இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடத்தினார். ரயில் பாதைக்கு மேற்கே, முடிச்சூர் சாலைப் பக்கம் அவருக்குப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருந்தது. கிழக்கே எடுக்கும் ரத்தம் மேற்கே போகும். அதன் முடிவுகள் அதுவரை சைக்கிளில் காகிதமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இனி கம்பி வழியே வர வேண்டும், வார்டில் இருக்கும் பிரிண்டரிலேயே அச்சாக வேண்டும். அதுதான் எங்களிடம் கொடுத்த வேலை.

கேளம்பாக்கத்தில் இன்னொரு கிளை திறக்கும் யோசனை முதலாளிக்கு இருந்தது. அப்போது, பல இடங்களை ஒரே வலையில் இணைத்துத் தரும் பிரேம் ரிலே சேவையைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்குவார்கள். அதனால் இப்போதே அந்த முறையிலேயே அமைத்துவிடுங்கள் என்று அவருடைய ஆலோசகர் சொல்லிவிட்டார். நடுவில் அந்தச் சேவை இல்லை. இந்தப் பக்கம் ஒரு ரவுட்டர், அந்தப் பக்கம் ஒரு ரவுட்டர், இடையில் வாடகைக்கு எடுத்த ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரேம் ரிலேயில் ரவுட்டர் தனியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளாது. நடுவில் அந்த நிறுவனத்தின் இணைப்புப் பெட்டி, அதாவது ஒரு சுவிட்ச், இருப்பதாக நம்பி, சில நொடிகளுக்கு ஒருமுறை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: இருக்கிறாயா? சுவிட்ச் பதில் சொல்லும்: இருக்கிறேன். பதில் வராவிட்டால் லைன் செத்துவிட்டதென்று அதுவே முடிவு செய்து, மாற்று வழிக்குத் தாவும். இரண்டு ரவுட்டர்களை நேருக்கு நேர் இணைத்தால் இரண்டும் கேட்கும். பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. கம்பி நன்றாக இருக்கும்போதே இரண்டும் லைன் செத்தது என்று சொல்லிவிடும்.

தீர்வு இரண்டு. ஒன்று, இரண்டில் ஒரு ரவுட்டரை சுவிட்ச் வேடம் போட வைப்பது. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டாவது தீர்வு, இரண்டு பக்கமும் அந்தக் கேள்வியையே நிறுத்திவிடுவது. இரண்டு கட்டளை, ஒரு நிமிடம். லைன் உடனே எழுந்துவிடும்.

எழுந்தது பிறகு விழவே விழாது. அதை யோசியுங்கள்.

திறப்பு விழா அன்று நான் மேற்கே பரிசோதனைக்கூடத்தில், தாவூத் கிழக்கே மருத்துவமனையில். அந்த சுவிட்ச் வேட முறையில்தான் செய்துகொண்டிருந்தார். எங்கோ ஓர் எண் ஒத்துவரவில்லை. அங்கே ஐயர் வந்துவிட்டார். ரவுட்டருக்குக் குங்குமம் வைத்து, அதன் மேல் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. கற்பூரத்தை அதன் தலையிலேயே ஏற்றப் போனவரைத் தாவூத் கையைப் பிடித்துத் தடுத்தாராம். எனக்கு செல்போனில் எல்லாம் கேட்டது.

"பாய், நல்ல நேரம் போய்க்கினே கீது. இன்னா பண்ற?" இது முதலாளி.

"அஞ்சு நிமிஷம் மொதலாளி."

"அத்தத்தான் அப்ப புடிச்சு சொல்லிக்கினு கீற. பொட்டி எந்திரிக்குமா எந்திரிக்காதா?"

அதற்குள் எங்கள் மேலாளர் வேறு இன்னொரு போனில் அவரைக் கூப்பிட்டுக் கத்தினார். தாவூத் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இப்போதைக்கு ரெண்டு பக்கமும் கேள்விய நிறுத்திடுவோம். திங்கக்கெழம வந்து ஒழுங்கா மாத்திக்கலாம்."

சரியென்று தோன்றியது. உங்களில் யார் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். லைன் எழுந்தது. முதல் முடிவு வார்டில் அச்சாகி வந்ததும் கைதட்டல் கேட்டது. முதலாளி அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னார். பிறகுதான் அதில் ஒரு நோயாளியின் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதென்று யாரோ காதில் சொல்லி நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை தாவூத் போனார். முதலாளி விடவில்லை. அடுத்த மாதம் போனார். அப்போதும் விடவில்லை. மூன்றாவது முறை நானும் கூடப் போனேன்.

"ஒரு மணி நேரம் நிறுத்தினா போதும் மொதலாளி. ஒரு வேல பாக்கி கீது."

"ஓடிக்கினு கீதுல்ல?"

"ஓடுது. ஆனா நின்னா தெரியாது."

"நிக்கறப்ப பாத்துக்கலாம் பாய். நல்லா ஓடற மாட்ட நிறுத்தி லாடத்த ஏன்யா கழட்டிப் பாக்கற? சும்மா நோண்டாத. காபி சாப்டு."

காபி சாப்பிட்டுவிட்டு வந்தோம். கெட்ட மனிதரில்லை. காபியை அவரே கையால் கொண்டுவந்து கொடுத்தார். நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வருட மழையில் ஒரு நாள், காலையில் எடுத்த ரத்தமெல்லாம் மேற்கே போய்ச் சேர்ந்த கையோடு தாம்பரம் சுரங்கப்பாதை நிரம்பியது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கமே, அந்தப் பக்கத்து வண்டிகள் அந்தப் பக்கமே. காலையிலேயே எங்கோ ஒரு கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்து எங்கள் செம்புக் கம்பி செத்துவிட்டது. கேபிள் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், மழைக்காலத்தில் அது புதிதே இல்லை. அதற்காகத்தான் வேறு தெரு வழியாக வரும் ஒரு தொலைபேசி இணைப்பை மாற்று வழியாகக் கொடுத்திருந்தோம். முதல் லைன் விழுந்த நிமிடமே ரவுட்டர் தானாக அதில் டயல் செய்துகொள்ளும்.

முதல் லைன் விழவில்லை. அதாவது, விழுந்ததை யாரும் அதனிடம் சொல்லவில்லை. கம்பிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காலத்து மோடங்களில் சில, வெளியே கம்பி அறுந்தாலும் தங்கள் ரவுட்டரிடம் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரவுட்டரும் எதிர்முனையைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. இரண்டு கட்டடத்திலும் பச்சை விளக்கு எரிந்தது. மருத்துவமனையில் பச்சையைப் பார்த்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறது, பரிசோதனைக்கூடத்தில்தான் மெத்தனம் என்றார்கள். பரிசோதனைக்கூடத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு, நாங்கள் அனுப்பிவிட்டோம், வார்டில்தான் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்றார்கள். செல்போனில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே காலை முழுவதும் போய்விட்டது. முடிவைப் போனில் படித்துச் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. முன்பு ஒருமுறை எண் மாறிக் கேட்டு ஏதோ விபரீதம் ஆகியிருந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்ததால், காகிதத்தை ஒரு ஆளிடம் கொடுத்து நடக்கவிடலாமென்றும் யாருக்கும் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் தாவூத்தும் அவருடைய வண்டியில் முடிச்சூர் சாலைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம். பொறுப்பில் இருந்த மாலா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது, எங்க மேல பழி போடறாங்க. படப்பையிலேர்ந்து ஒரு ஆளு, கிட்னி பேஷன்ட், அவரோட பொட்டாசியம் ரிசல்ட்ட நான் எப்பவோ அனுப்பிட்டேன். அது வந்தாதான் மேல பாக்க முடியும்னு டாக்டர் அங்க கத்தறாராம். நீங்களே பாருங்க, லைன் நல்லாத்தானே இருக்கு?"

தாவூத் திரையைப் பார்த்தார். லைன் உயிரோடு இருப்பதாகக் காட்டியது. எதிர்முனைக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. இன்னொன்று. இல்லை. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அவருக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று தேடத் தொடங்குவார்கள். தாவூத் தேடவில்லை. கையை நீட்டி ரவுட்டரின் பின்னாலிருந்த கேபிளைத் திருகிக் கழற்றி உருவினார். பிறகு முதலாளியைப் போனில் கூப்பிட்டார்.

"மொதலாளி, பொட்டிக்குப் பின்னால நீலக் கேபிள் ஒண்ணு கீது. தடியா. ரெண்டு பக்கமும் திருகாணி. அத்தத் திருகி உருவுங்க."

"நானா? எதுனா ஆயிடப்போவுது பாய்."

"ஆவாது. உருவுங்க. நோண்டுங்க மொதலாளி, நான் சொல்றேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சும் திருகாணி கீறும் சத்தமும் கேட்டன. கேபிள் கையோடு வந்துவிட்டதென்று முதலாளி சொன்னார். இரண்டு பக்க ரவுட்டருக்கும் அப்போதுதான் லைன் செத்தது தெரிந்தது. மாற்று இணைப்பில் டயல் செய்யும் சத்தம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில், காலையிலிருந்து தேங்கிக் கிடந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. மாலா கையைத் தட்டினார். நானும் சிரித்துவிட்டேன். தாவூத் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வந்துகினு கீது பாய்," என்றார் முதலாளி. "பிரின்டர் ஓடுது. நெறைய வருது." பிறகு சொன்னார்: "அந்தப் படப்பை ஆளு போயிட்டாரு பாய். இப்பதான்."

சுரங்கப்பாதை வழி இல்லை. வண்டியைப் போட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குள் புகுந்து நடைமேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி நடந்தோம். எதற்குப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. வார்டில் அந்த பிரிண்டர் இன்னும் அச்சடித்துக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் தாள்களைப் பெயர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

இறந்தவர் ஒரு தச்சர். அவருடைய மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார் போல. தாவூத்தை மருத்துவமனை ஆளென்று நினைத்துக்கொண்டார்.

"தம்பி, அவருக்கு வரவேண்டியது வந்துடுச்சுன்னாங்களே. அதான் காத்துக்கினு இருந்தாரு. அத்த நான் எடுத்துக்கினு போலாமா?"

தாவூத் நர்ஸிடமிருந்து அந்தத் தாளை வாங்கி அவரிடம் கொடுத்தார். அந்த அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். இதயத் துடிப்புப் படத்தைப் பார்த்தே பொட்டாசியம் ஏறியிருக்குமென்று சந்தேகப்பட்டதாகவும், காத்திருக்காமல் அதற்கான மருந்தை முன்பே தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். வந்தபோதே நிலைமை மோசம், முடிவு காலையிலேயே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். இதைத் தாவூத்திடம் சொன்னேன். அன்று சொன்னேன், அதன் பிறகும் பலமுறை சொன்னேன்.

"பெரிய வித்தியாசம் இருக்காதுன்னாரா, வித்தியாசமே இருக்காதுன்னாரா?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்ன வார்த்தையையே சொன்னேன்.

எங்கள் மேலாளர் மறுநாள் நிம்மதியாக இருந்தார். மழை, கேபிளில் தண்ணீர், தொலைபேசிக்காரர்கள் பொறுப்பு, நம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை, விட்டுவிடு என்றார். தாவூத் விடவில்லை. தனியாகப் போனால் தாங்கமாட்டார் என்று நானும் கூடப் போனேன். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளி, லைன் செத்தது மழையால. செத்தது யாருக்கும் தெரியாமப் போனது என்னால. விழா அன்னிக்கு நான் அப்படி வெச்சிட்டேன்."



"மூணு தபா வந்து கேட்ட. நான்தான் வேணாம்னேன்," என்றார் முதலாளி. "அத்த நான் யாராண்ட போய்ச் சொல்ல பாய்?"

அன்று காபி வரவில்லை. கம்பியும் சரியாகியிருந்ததால் அன்றே அந்த லைனைச் சரியாக அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். வாடிக்கையாளரிடம் போய் வாயைத் திறந்ததற்காக மேலாளர் தாவூத்தை அறைக்குள் கூப்பிட்டுக் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் தாவூத் ராஜினாமா சொல்லிவிட்டார்.

இந்த இடத்திலிருந்துதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அவசரத்தில் குறுக்கு வழியில் போவது தப்பென்று நான் சொல்லவில்லை. போகாமல் இந்தத் தொழிலில் யாரும் காலம் தள்ள முடியாது. ஆனால் எந்த இடத்தில் போனோம் என்பது போனவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வேலையை விட்டுப் போகும்போது அது அவனோடு போய்விடும். பச்சை விளக்கு மட்டும் அங்கே எரிந்துகொண்டிருக்கும்.

ராஜினாமா செய்த மறுவாரம் தாவூத் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், இன்னும் நாலு எடத்துல அதே மாதிரி வெச்சிருக்கேன். நீங்க கூட வந்தா உள்ள விடுவாங்க. நான் இப்ப கம்பெனி ஆளில்ல."

மேலாளருக்குத் தெரியாமல் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரவுட்டரை சுவிட்ச் வேடம் போட வைத்தார். விழா அன்று ஒத்துவராத எண் எங்கேயும் தகராறு செய்யவில்லை. பக்கத்தில் யாரும் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரவுட்டரோடு பேசுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார். கேட்டால் பதில் சொல்வார், இல்லையென்றால் இல்லை. இதையெல்லாம் சரி செய்து முடித்தால் மனம் ஆறி மறுபடி வேலைக்கு வந்துவிடுவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மேலாளரிடம் பேசி வைக்கலாமென்று கூட நினைத்திருந்தேன்.

கடைசி இடம் திருநீர்மலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோல் கிடங்கு. அதன் அலுவலகம் குரோம்பேட்டையில் இருந்தது. கிடங்குக்குள் தோல் வாடை மூச்சை அடைத்தது. தாவூத் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லைன் செத்துப் பாக்கணும் சார்," என்றார்.

சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய வயரை உருவினார். மோடம் வழக்கம்போல எதுவும் நடக்காத மாதிரி விளக்கை எரியவிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் திரையையே பார்த்தோம். லைன் உயிரோடு இருப்பதாகக் காட்டியது. இன்னும் காட்டியது. ரவுட்டர் கேட்டுக்கொண்டிருந்தது, பதில் வரவில்லை. மறுபடி கேட்டது. பிறகு திரையில் அந்த ஒற்றை வரி வந்தது: லைன் செத்துவிட்டது. அடுத்த நொடியே மாற்று இணைப்பு டயல் செய்யத் தொடங்கியது.

தாவூத் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கிடங்குக்காரர் ஓடிவந்து, "இன்னா ஆச்சு சார், வேல கெட்டுப்போச்சா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை, நன்றாக ஆகிவிட்டது என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாவூத் எழுந்தார். உருவிய வயர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதைத் திரும்ப மாட்டினால் முதல் லைன் எழுந்துகொள்ளும், வேலை முடிந்துவிடும். அவர் மோடத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோனார். பிறகு என் பக்கம் திரும்பி வயரை என் கையில் கொடுத்தார்.

"நீங்க சொருகிடுங்க சார்."

சொருகினேன். லைன் எழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வெளியே போயிருந்தார்.